ஒரே சண்டையை நம்பி ஊரைக் கூட்டாதீர்கள்: தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் குத்துச்சண்டை மாலை நடத்தும் முறை

மின்னொளி கபடி நடக்கும் எந்த ஊரிலும் இதைப் பார்க்கலாம். ஓர் ஆட்டம் சப்பென்று முடிந்தால் யாரும் எழுந்து வீட்டுக்குப் போவதில்லை. டீ குடித்துவிட்டுத் திரும்புவதற்குள் அடுத்த இரண்டு அணிகள் கோட்டில் வந்து நிற்கும். வீட்டு டிவியில் தனிக்காசு கட்டிப் பார்க்கும் பெரிய குத்துச்சண்டை இரவுகளில் இந்த வசதி கிடையாது. மாதக்கணக்கில் விளம்பரம், பேச்செல்லாம் ஒரே ஒரு சண்டையைப் பற்றி, வாங்கும் காசும் அதற்குத்தான். அந்த ஒன்று சொதப்பினால் இரவு முழுவதும் வீண்.

அப்படிச் சொதப்பிய இரவுகள் இந்த விளையாட்டின் செல்வாக்கைக் கெடுத்தனவா? பாலக்கோட்டிலோ அரூரிலோ பர்கூரிலோ முதன்முதலாகப் பாக்சிங் நிகழ்ச்சி நடத்த நினைக்கும் மன்றத்துக்கும் பயிற்சி தரும் மாஸ்டருக்கும் இது வெறும் பேச்சுக்கான கேள்வி இல்லை. விடையைப் பொறுத்துத்தான் நோட்டீஸ் அடிக்கும் விதமே மாறும்.

முதலில் கணக்கைப் பாருங்கள். 1995 ஆகஸ்ட் 19 அன்று, சிறையிலிருந்து வந்த முன்னாள் உலகச் சாம்பியன் மைக் டைசன் பீட்டர் மெக்நீலியோடு மோதினார். 89 விநாடியில் முடிந்துவிட்டது. அமெரிக்காவில் சுமார் 15 லட்சம் வீடுகள் காசு கட்டியிருந்தன. அவ்வளவு பேர் கடுப்பானபிறகும் 1996 நவம்பரில் டைசன்–ஹோலிஃபீல்டு சண்டை அதற்குக் குறையாமல் விற்றது. 1997 ஜூன் 28 அன்று நடந்த மறுசண்டையில் டைசன் காதைக் கடித்து மூன்றாவது ரவுண்டோடு தகுதி நீக்கம் ஆனார். அந்த இரவை வாங்கியவர்கள் ஏறத்தாழ 20 லட்சம். ஐந்து ஆண்டு கழித்து லெனாக்ஸ் லூயிஸோடு அவர் மோதியதும் கிட்டத்தட்ட அதே அளவு விற்றது.

அடுத்து 2015 மே 2, மேவெதர்–பாக்கியாவ். 46 லட்சம் பேர் வாங்கினார்கள். உயர்தரப் படத்துக்கு 99.95 டாலர், அன்றைய மதிப்பில் ஆறாயிரம் ரூபாய்க்கு மேல். மேவெதர் 435 குத்து விட்டு 148 இறக்கினார், பாக்கியாவ் 429 விட்டு 81. வேலை தெரிந்தவனுக்கு அதில் ரசிக்க நிறைய இருந்தது, முதல்முறை பார்த்தவனுக்கு ஒன்றும் இல்லை. பாக்கியாவுக்குத் தோளில் காயம் இருந்தது சண்டைக்குப் பிறகே வெளியே வந்தது, ஏமாந்தவர்கள் வழக்குப் போட்டார்கள். அதே ஆண்டு செப்டம்பரில் மேவெதர்–பெர்ட்டோ சண்டைக்குச் சுமார் 4 லட்சம் பேர் வாங்கியதாகச் செய்தி வந்தது, பத்தில் ஒரு பங்குகூட இல்லை. ஆனால் 2017 ஆகஸ்டில் அதே மேவெதர் கூண்டுச் சண்டை வீரர் மெக்கிரெகரோடு ஏறியபோது 43 லட்சம்.

ஆக, ஏமாற்றத்தின் அடி முதலில் விழுவது அதே ஆட்களின் அடுத்த விற்பனைமேல். பெரிய பெயருக்கு அது இரண்டு ஆண்டில் ஆறிவிடுகிறது. ஆறாத இடம் வேறு. 1973 முதல் குத்துச்சண்டை காட்டிவந்த அமெரிக்க டிவி சேனல் எச்பிஓ 2018-இல் அதை நிறுத்திக்கொண்டது. 1986-இல் குத்துச்சண்டை காட்டத் தொடங்கிய ஷோடைம் சேனலும் 2023-இல் அதைக் கைவிட்டது. ஒரு மோசமான இரவு இதற்குக் காரணம் இல்லை. நல்ல சண்டையெல்லாம் தனிக்காசுக்குப் போகப் போக, வழக்கமாகக் கிடைத்த நடுத்தரச் சண்டைகள் மெலிந்தன, தற்செயலாகப் பார்த்து ருசி பிடிக்கும் ஆள் குறைந்தான் என்பதே எங்கள் முடிவு. அடுத்த வாரம் பார்க்க நல்ல சண்டை ஒன்று இருந்தால் ஏமாற்றம் மறந்துபோகும். இல்லாவிட்டால் கடைசியாகப் பார்த்த சொதப்பல்தான் மனதில் நிற்கும்.

நம் பக்கத்தில் இது இன்னும் கடுமை. வட சென்னைக்குக் குத்துச்சண்டைப் பரம்பரைகளின் பழக்கம் உண்டு. 1980-இல் முகமது அலியே சென்னை நேரு ஸ்டேடியத்தில் ஜிம்மி எல்லிஸோடு காட்சிச் சண்டை (வெற்றி தோல்விக் கணக்கில் சேராதது) போட்டிருக்கிறார். அங்கே ஒரு நாள் கெட்டால் தாங்கும். பென்னாகரத்துக்காரன் முதன்முதலாக நேரில் பார்க்கும் சண்டைக்கு முன்னால் அவனிடம் அப்படிப்பட்ட ஞாபகம் எதுவும் இல்லை. அந்த மாலையே அவனுக்குக் குத்துச்சண்டை.

ஜோடி சேர்ப்பது

வேலையில் பாதி இதுதான். நிகழ்ச்சிக்கு ஆறு வாரம் முன்பே ஒவ்வொரு வீரருக்கும் ஓர் அட்டை போடுங்கள். பிறந்த தேதி, எடை, போட்ட சண்டைகளின் எண்ணிக்கை, பயிற்சி எத்தனை ஆண்டு, வலக்கையா இடக்கையா, கடைசியாகச் சண்டை போட்ட நாள், கடைசியாக நாக் அவுட் ஆன நாள். பிறந்த தேதியை ஆதாரோடும் பள்ளிச் சான்றிதழோடும் ஒப்பிடுங்கள். மாஸ்டர் வாயால் சொல்வதை மட்டும் எழுதாதீர்கள்.

வயதுப் பிரிவைத் தாண்டி ஜோடி கூடாது. 15, 16 வயது ஜூனியர், 17, 18 யூத், 19-க்கு மேல் சீனியர். எடை வித்தியாசம் 50 கிலோவுக்குக் கீழே 2 கிலோவும் அதற்கு மேலே 3 கிலோவும் தாண்டாமல் பாருங்கள். ஆனால் நிகழ்ச்சியைக் கெடுப்பது பெரும்பாலும் எடை இல்லை, அனுபவம். இரண்டு சண்டை போட்டவனைப் பன்னிரண்டு போட்டவனோடு ஏற்றினால் 40 விநாடியில் முடிந்துவிடும். கூட்டம் கைதட்டும், அடிபட்ட பையன் திரும்பப் பயிற்சிக்கு வரமாட்டான், அவன் ஊர்க்காரர்களும் வரமாட்டார்கள். ஐந்து சண்டைக்குள் உள்ளவர்களுக்கு மூன்று சண்டைக்கு மேல் வித்தியாசம் வேண்டாம்.

பாணியையும் பாருங்கள். இரண்டு பேருமே எதிராளி குத்தட்டும், பிறகு திருப்பிக் கொடுக்கலாம் என்று காத்திருப்பவர்கள் என்றால் மூன்று ரவுண்டும் சுற்றிச் சுற்றி வருவார்கள். 2025 மே மாதம் ரியாத்தில் கனேலோ–ஸ்கல் சண்டை அப்படித்தான் போனது. 12 ரவுண்டில் இருவரும் சேர்ந்து விட்டது 445 குத்து, குத்துகளை எண்ணும் கம்ப்யூபாக்ஸ் நிறுவனம் கணக்கெடுத்த 12 ரவுண்டுச் சண்டைகளில் அதுவே மிகக் குறைவு. ஜோடியில் ஒருவராவது முன்னேறிப் போய் அடிப்பவராக இருக்கட்டும். புதியவர்களில் வலக்கைக்காரனையும் இடக்கைக்காரனையும் சேர்க்காதீர்கள். இருவரின் முன்கால்களும் ஒன்றையொன்று மிதிக்கும், தலை முட்டும், புருவம் கிழிந்து சண்டை நின்றுவிடும்.

நோட்டீஸில் பத்துச் சண்டை என்றால் கையில் பதின்மூன்று ஜோடி இருக்க வேண்டும். ஒருவனுக்குக் காய்ச்சல், ஒருவனுக்கு எடை ஏறியிருக்கும், ஒருவனை வீட்டில் விடமாட்டார்கள். பத்து நாள் முன்பு ஒரு முறை எடை பாருங்கள், நிகழ்ச்சி அன்று காலையில் மறுபடி. சித்திரை வெயிலில் பிளாஸ்டிக் ஜாக்கெட் மாட்டி ஓடி, தண்ணீர் குடிக்காமல் எடை குறைத்து வருபவனை ஏற்றாதீர்கள். இரண்டாவது ரவுண்டில் கால் இழுக்கும் என்பது சிறிய குறை. நீர் வற்றிய உடம்பில் தலைக்கு விழும் அடி அதிகம் கெடுக்கும் என்பதுதான் பெரிய ஆபத்து.

நோட்டீஸும் டிக்கெட்டும்

பிளெக்ஸில் ஒரே முகத்தைப் பெரிதாகப் போடும் பழக்கத்தை விடுங்கள். பத்து ஜோடியின் பெயரும் எடையும் ஊரும் இருக்கட்டும். காவேரிப்பட்டணத்துப் பையன் பெயர் இருந்தால் காவேரிப்பட்டணத்திலிருந்து ஆள் வரும். முக்கியச் சண்டை கடைசி நேரத்தில் நின்றுபோனாலும் மீதி ஒன்பதுக்கு வந்தவர்கள் உட்கார்ந்திருப்பார்கள்.

காட்சிச் சண்டையைக் காட்சிச் சண்டை என்றே எழுதுங்கள். ரவுண்டு எத்தனை நிமிடம், கிளவுஸ் எத்தனை அவுன்ஸ் என்பதும் வேண்டும். 2024 நவம்பர் 15-இல் 58 வயது டைசனும் 27 வயது யூடியூப் பிரபலம் ஜேக் பாலும் நெட்ஃபிளிக்ஸில் மோதியபோது ரவுண்டுக்கு இரண்டே நிமிடம், கிளவுஸ் 14 அவுன்ஸ், மொத்தம் எட்டு ரவுண்டு. இது முன்பே அறிவிக்கப்பட்டதுதான், ஆனாலும் பழைய டைசனை எதிர்பார்த்து உட்கார்ந்த பலருக்கு அது உறைக்கவில்லை. அந்த இரவைத் தாங்கியது அதற்கு முந்தைய பெண்கள் சண்டை. கேட்டி டெய்லரும் அமாண்டா செரானோவும் பத்து ரவுண்டு விடாமல் அடித்துக்கொண்டார்கள், புள்ளி போடும் மூன்று நடுவரும் ஒரே புள்ளி வித்தியாசத்தில், 95–94 என்று டெய்லருக்குக் கொடுத்தார்கள். பெண்கள் சண்டையை ஓரமாக, கூட்டம் சேர்வதற்கு முன்பே முடித்துவிடும் மன்றங்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

டிக்கெட் போட்டால், அறிவித்த பத்தில் எட்டுக்குக் குறைவாக நடந்தால் பாதிக் காசு வாசலிலேயே திரும்பக் கிடைக்கும் என்று டிக்கெட்டின் பின்பக்கம் அச்சடியுங்கள். அந்த ஒரு வரி உங்களையே ஒழுங்காக வேலை வாங்கும். கேளிக்கை வரி உண்டா என்று நகராட்சியிலோ பேரூராட்சியிலோ முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். காவல் நிலைய அனுமதியும் குத்துச்சண்டைச் சங்கத்தின் எழுத்துப்பூர்வமான ஒப்புதலும் இல்லாமல் தேதி வைக்காதீர்கள். ஒப்புதல் இல்லாத மேடையில் ஏறிய பையனுக்கு மாநிலப் போட்டியில் சிக்கல் வரலாம். இரவு 10 மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது.

நாள் குறிக்கும்போது தையும் மாசியும் நல்லது, ஆடிக் காற்றும் ஐப்பசி மழையும் வேண்டாம். ஆனால் தை மாதத்தில் பக்கத்து ஊரில் எருது விடும் விழா இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் கூட்டம் மட்டுமல்ல, போலீசும் ஆம்புலன்சும் அங்கேதான் இருக்கும்.

ரிங்

கயிற்றுக்கு உள்ளே 6.1 மீட்டர் சதுரம், கயிற்றுக்கு வெளியே சுற்றிலும் 85 சென்டிமீட்டர், ஆக மேடை 7.8 மீட்டர் சதுரம், உயரம் 1 மீட்டர். நான்கு கயிறு, தரையிலிருந்து 40, 70, 100, 130 சென்டிமீட்டரில். ஒவ்வொரு பக்கமும் கயிறுகளை மேலும் கீழுமாக இரண்டு இடத்தில் பட்டையால் கட்டுங்கள். கட்டாவிட்டால் தள்ளுப்படும் ஆள் இரண்டு கயிற்றுக்கு நடுவே வெளியே விழுவான். எதிரெதிர் மூலையில் சிவப்பு, நீலம், மீதி இரண்டும் வெள்ளை. பலகைமேல் குறைந்தது 1.5 சென்டிமீட்டர் ரப்பரோ ஃபெல்ட்டோ விரித்து, அதன்மேல் கேன்வாஸை இழுத்துக் கட்ட வேண்டும்.

கல்யாண மண்டப மேடையில் கயிறு கட்டி நடத்திவிடலாம் என்பவர்கள் உண்டு. ஒரு பக்கம் சுவர், எதிர்ப்பக்கம் பள்ளம், வேண்டாம். பந்தல்காரர் ரிங் கட்டி முடித்ததும் வெறுங்காலில் முழுக்க நடந்து பாருங்கள். பலகை இணைப்பில் பள்ளமோ ஆணித் தலையோ காலில் தெரியும். பிறகு 80 கிலோ ஆட்கள் இருவர் நடுவில் குதிக்கட்டும், கால்கள் அசைகின்றனவா என்று கீழே ஒருவர் படுத்துப் பார்க்கட்டும்.

ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பக்கம் மார்கழியிலும் தையிலும் திறந்தவெளியில் நடத்தினால் பனி இறங்கும். ஏழு மணிக்கு மேல் கேன்வாஸ் ஈரமாகிக் கால் வழுக்கும், வழுக்கி விழுந்ததையும் அடிபட்டு விழுந்ததையும் பிரித்துச் சொல்ல ரிங்குக்குள் நிற்கும் ரெஃப்ரி திணறுவார். ரிங்குக்கு மேல் ஷாமியானா கட்டாயம். மூலைகளில் தண்ணீர் சிந்தும், ரவுண்டுக்கு ரவுண்டு துடைக்க உலர்ந்த துணியோடு இருவர் நிற்க வேண்டும். விளக்கை மேலேயிருந்து தொங்கவிடுங்கள். பக்கவாட்டுக் கம்பத்தில் கட்டினால் வீரர் கண்ணிலும் நடுவர் கண்ணிலும் அடிக்கும்.

நடுவர்களும் புள்ளியும்

2017 செப்டம்பரில் கனேலோ–கொலோவ்கின் முதல் சண்டை அருமையாக நடந்தது. ஆனால் ஒரு நடுவர் மிகப் பெரிய வித்தியாசத்தில், 118–110 என்று கனேலோவுக்குக் கொடுத்தார், முடிவு டிரா ஆனது, பேச்செல்லாம் அந்த அட்டையைப் பற்றியே போனது. நல்ல சண்டையையும் புரியாத முடிவு கெடுத்துவிடும்.

ஐந்து நடுவர் கிடைத்தால் நல்லது, மூன்றுக்குக் குறையக் கூடாது. வீரர்களின் மாஸ்டரோ உறவினரோ அந்தச் சண்டைக்கு நடுவராக உட்காரக் கூடாது. ரவுண்டை வென்றவருக்கு 10, தோற்றவருக்கு 9 அல்லது அதற்குக் கீழே. முதல் சண்டைக்கு முன் இரண்டு நிமிடம் எடுத்துக்கொண்டு மைக்கில் விளக்குங்கள்: கிளவுஸின் முட்டிப் பகுதி, எதிராளியின் தலையிலோ பெல்ட்டுக்கு மேல் உடம்பிலோ முன்புறத்திலும் பக்கவாட்டிலும் சுத்தமாகப் படுவதே கணக்கு. கையில் தடுத்தது, முதுகில் பட்டது, சத்தம் மட்டும் வந்தது எதுவும் புள்ளி இல்லை. ஒவ்வொரு ரவுண்டு முடிந்ததும் நடுவர்கள் கொடுத்ததைப் பெரிய பலகையில் எழுதிக் காட்டுங்கள். டோக்கியோ ஒலிம்பிக்கிலேயே அப்படிக் காட்டினார்கள். கூட்டம் கத்தும், கத்தட்டும். கடைசியில் மொத்தமாகச் சொல்லும்போது வரும் சந்தேகம் இதில் வராது.

மருத்துவர்

ரிங் ஓரத்தில் மருத்துவர் உட்காரும்வரை மணி அடிக்கக் கூடாது. ஆம்புலன்ஸ் வாசலில் நிற்க வேண்டும், அதன் வழியில் பைக் நிறுத்த விடாதீர்கள். அடிபட்டபிறகு 108-ஐக் கூப்பிட்டுக்கொள்ளலாம் என்பது ஏற்பாடு ஆகாது. அந்த ஆம்புலன்ஸ் ஒருவரை ஏற்றிக்கொண்டு போய்விட்டால், மாற்று வண்டி வரும்வரை அடுத்த சண்டை கிடையாது. தருமபுரியிலோ கிருஷ்ணகிரியிலோ உள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு இன்ன நாள் இன்ன நேரம் என்று முன்பே தகவல் கொடுங்கள். தலைவலி கூடிக்கொண்டே போவது, வாந்தி, பேச்சில் குழப்பம், கண்மணி இரண்டும் ஒரே அளவில் இல்லாதது, இவற்றில் ஒன்று தெரிந்தாலும் வீட்டுக்கு அனுப்பாமல் மருத்துவமனைக்கு அனுப்புங்கள்.

தலையில் அடிபட்டு நாக் அவுட் ஆனவருக்குக் குறைந்தது 30 நாள் சண்டையும் ஸ்பாரிங்கும் (பயிற்சிச் சண்டை) கூடாது. 90 நாளுக்குள் இரண்டாவது முறை என்றால் 90 நாள், 12 மாதத்தில் மூன்றாவது என்றால் ஓர் ஆண்டு. அட்டையில் எழுதி மாஸ்டரிடம் கையெழுத்து வாங்குங்கள். ஒரு பையன் மேடையில் சரிந்து எழாமல் போனால், எந்த மோசமான சண்டையும் செய்யாத சேதத்தை அது இந்த மாவட்டத்தில் இந்த விளையாட்டுக்குச் செய்யும்.

நேரக் கணக்கும் வரிசையும்

சீனியர் சண்டை மூன்று மூன்று நிமிட ரவுண்டு, நடுவே ஒரு நிமிட ஓய்வு இரண்டு, ஆக 11 நிமிடம். நடந்து வருவது, அறிவிப்பு, முடிவு சேர்த்தால் 16. ஜூனியருக்கு இரண்டு நிமிட ரவுண்டு, ஆக 8, எல்லாம் சேர்த்து 13. நான்கு ஜூனியர், ஆறு சீனியர் என்றால் ஏறத்தாழ இரண்டரை மணி நேரம். மாலை 5.30-க்குத் தொடங்கினால் பேச்சும் சேர்த்து எட்டேகாலுக்குள் முடியும், கிராமத்துக்குக் கடைசி டவுன் பஸ் கிடைக்கும். தலைமை விருந்தினர் வரவில்லை என்று ஒரு மணி நேரம் காத்திருந்தால் கடைசி மூன்று சண்டையைக் காலி நாற்காலிகள்தான் பார்க்கும். பேச்சும் பொன்னாடையும் ஐந்தாவது சண்டைக்குப் பிறகு பத்தே நிமிடம்.

இருப்பதில் இரண்டாவது நல்ல ஜோடியை முதலிலேயே ஏற்றுங்கள். மூன்றாவது நல்லது நடுவில், இடைவேளைக்கு முன். மிகச் சிறந்ததைக் கடைசிக்கு முந்தையதாக வையுங்கள். கடைசியாக விறுவிறுப்பான குறைந்த எடைக்காரர்களை விடுங்கள், 48, 51 கிலோ பையன்கள் நிற்காமல் கை ஓட்டுவார்கள். முக்கியச் சண்டை நாற்பது விநாடியில் முடிந்துவிட்டாலும் கூட்டம் கடைசியாகக் கண்டது ஒரு நல்ல சண்டையாக இருக்கும்.

திரையில் காட்டுவதானால்

வெளிநாட்டுச் சண்டையைப் பெரிய திரையில் காட்ட நினைப்பவர்களுக்கு: வீட்டுக்கு வாங்கிய சந்தா மண்டபத்தில் காட்ட உரிமை தராது, பொதுக்காட்சிக்குத் தனி அனுமதி வேண்டும். பயிற்சிப் பையன்கள் நான்கைந்து பேரோடு வீட்டில் பார்க்கலாம். லாஸ் வேகாஸில் சனி இரவு 8 மணி என்பது கோடையில் நமக்கு ஞாயிறு காலை 8.30, குளிர்காலத்தில் 9.30. காசு கட்டுமுன் இருவரின் வயது, கடைசியாகச் சண்டை போட்டு எத்தனை மாதம், முன்னேறி அடிப்பவர் யார், முக்கியச் சண்டைக்கு முன் வருபவை எப்படி என்று பாருங்கள். முன்சண்டைகளில் ஒன்றுகூட உங்களை இழுக்கவில்லை என்றால் அன்று வாங்காதீர்கள்.

உங்கள் நிகழ்ச்சியை நேரலையில் விடுவதானால் முதல் சில முறை இலவசமாகவே விடுங்கள். ஃபோனை வெள்ளை மூலைக்குப் பின்னால், மேல்கயிற்றுக்கு மேலே நிற்கும்படி ஸ்டாண்டில் பூட்டுங்கள். கயிறு குறுக்கே வந்தால் பார்ப்பவர் இரண்டு நிமிடத்தில் மூடிவிடுவார். 720 தரத்துக்கு 3, 4 எம்பிபிஎஸ் மேலேற்றும் வேகம் போதும், ஆனால் இரண்டாயிரம் பேர் கூடியபிறகு டவர் திணறும். முடிந்தால் கம்பி இணைப்பு, முடியாவிட்டால் இரண்டு வேறு நிறுவன சிம். ஜெனரேட்டரை முதல் நாள் மாலை முழுச் சுமையோடு ஒரு மணி நேரம் ஓட்டிப் பாருங்கள்.

நிகழ்ச்சி நடக்கும்போதே மூன்றாவது, ஏழாவது, கடைசிச் சண்டையின்போது ஆட்களை எண்ண ஒருவரை வையுங்கள். வந்த கூட்டத்தைவிட எந்தச் சண்டைக்குப் பிறகு கூட்டம் கலைந்தது என்பதே அடுத்த முறை ஜோடி சேர்க்க உதவும். இரண்டு மாதத்துக்குள் அடுத்த நிகழ்ச்சி இருக்க வேண்டும், சிறியதாக ஐந்து சண்டையோடு இருந்தாலும் சரி. அதன் தேதியைக் கடைசிச் சண்டைக்கு முந்தைய இடைவெளியிலேயே மைக்கில் சொல்லிவிடுங்கள். கடைசி முடிவு அறிவித்ததும் எல்லோரும் பஸ்ஸைப் பிடிக்க ஓடுவார்கள்.